தாத்தாக்கள் ராத்திரியில் எங்கே போகிறார்கள்?

தமிழ் சினிமாவில் தாத்தாக்கள் ஒன்றுக்குப் போவதில்லை.

இருமுகிறார்கள். வெற்றிலை இடிக்கிறார்கள். பேத்தியின் காதலுக்குத் தூது போகிறார்கள். சொத்தை யாருக்கு எழுதுவது என்று மூன்று ரீல் யோசிக்கிறார்கள். இடைவேளைக்குப் பிறகு வசதியான ஒரு இடத்தில் செத்தும் போகிறார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலை விட்டு எழுந்து, செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு, டார்ச் லைட்டுடன் வேலியோரம் போய் நின்று, வருமா வராதா என்று காத்திருக்கிற ஒரு பெரியவரை நான் திரையில் பார்த்ததில்லை. அப்படி யாராவது அவசரமாக ஓடினால் அது காமெடி டிராக். தியேட்டரே சிரிக்கும்.

நிஜத்தில் இது காமெடி இல்லை. அறுபதைத் தாண்டிய ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு புராஸ்டேட் பெருத்திருக்கும். எண்பதைத் தாண்டினால் பத்தில் எட்டு பேருக்கு. எல்லோருக்கும் தொந்தரவு இருக்காது. இருப்பவர்களுக்கு அது ராத்திரி தோறும் நடக்கிற கதை.

புராஸ்டேட் என்பது மூத்திரப்பைக்குக் கீழே, குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி. இளம் வயதில் பெரிய நெல்லிக்காய் அளவு. விந்துத் திரவத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. நாற்பது, ஐம்பதுக்கு மேல் அது மெள்ளப் பெருக்கிறது. புற்றுநோய் இல்லை, சும்மா பெருக்கிறது. பம்ப்செட் ஹோஸ் மேல் யாரோ கால் வைத்து நிற்கிற மாதிரி குழாய் நசுங்குகிறது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது. தொட்டி முழுக்கக் காலியாவதில்லை. அதனால் ஒரு மணி நேரத்தில் மறுபடி போகவேண்டியிருக்கிறது.

சித்த வைத்தியர்கள் இதற்கு வைத்த பெயர் சதையடைப்பு. கல் அடைத்தால் கல்லடைப்பு, சதை அடைத்தால் சதையடைப்பு. படம் பிடித்தமாதிரி ஒரு பெயர். பிற்பாடு வந்த சில பத்திரிகைகள் இந்தச் சுரப்பிக்கு 'ஆண்மைச் சுரப்பி' என்று ஒரு பெயரைச் சூட்டின. காரியம் கெட்டது. ஆண்மையில் வீக்கம், ஆண்மைக்கு மாத்திரை என்று எந்தப் பெரியவர் மகனிடம் போய்ச் சொல்வார்? சதையடைப்பை வீட்டில் சொல்லலாம். இதைச் சொல்ல முடியாது.

இதைச் சொல்வதற்கு இலக்கியத்திலும் சினிமாவிலும் வார்த்தை இருக்கிறதா என்பதுதான் இந்த வார விசாரணை. விசாரணைக்கு அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காட்டை எடுத்துக்கொள்வோம். காரணம் இருக்கிறது.

* * *

விருதுநகர் மாவட்டத்தின் பெயர் 2010-ல் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் அடிபட்டது. பட்டாசு விபத்துக்காக அல்ல, தலைக்கூத்தலுக்காக. படுக்கையில் விழுந்த முதியவருக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீராகக் கொடுத்து, ஓரிரு நாளில் 'அனுப்பி வைக்கிற' பழக்கம். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், தன்னை என்ன செய்யப்போகிறார்கள், நிலத்தை எப்படிப் பிரிக்கப்போகிறார்கள் என்று வீட்டார் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தப்பித்து உறவினர் வீட்டுக்கு ஓடியதில்தான் விஷயம் வெளியே வந்தது.

இதை வைத்துத் தமிழில் குறிப்பிடத்தக்க மூன்று படங்கள் வந்திருக்கின்றன. மூன்றும் பார்க்கவேண்டிய படங்கள்.

முதலாவது, மதுமிதா இயக்கி 2019-ல் வந்த 'கே.டி. (எ) கருப்புதுரை'. கோமாவில் கிடந்த பெரியவர் கண் விழிக்கிறார், தன்னை முடித்துவிடப் பேசுவதைக் கேட்கிறார், நழுவுகிறார். வழியில் ஒரு பொடியன் சேர்ந்துகொள்ள, சாவதற்குள் செய்யவேண்டிய ஆசைகளைப் பட்டியல் போட்டு நிறைவேற்றுகிறார்கள். மதுரை 'நிஜ நாடக இயக்கம்' மு. இராமசாமி, பிரியாணியைப் பார்க்கிற பார்வைக்கே டிக்கெட் காசு செரித்துவிடும். இரண்டாவது, பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்'. 2018-க்கான தேசிய விருது பெற்று 2020-ல் தியேட்டருக்கு வந்தது. விபத்தில் இடுப்பெலும்பு முறிந்த வாட்ச்மேன் கருப்பசாமியை, ஆபரேஷன் வேண்டாம் என்று மகன் கிராமத்துக்குக் கொண்டுபோகிறான். அப்புறம் நடப்பது நமக்குத் தெரியும். மூன்றாவது, ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'தலைக்கூத்தல்' (2023). படுக்கையில் கிடக்கும் அப்பாவை விட்டுக்கொடுக்காத மகனாக சமுத்திரக்கனி. ஊரும் வீடும் 'முடிச்சிரலாமே' என்று அழுத்தும்போது தனியாக நிற்கிறார்.

நல்ல நடிப்பு, நல்ல மனசு, உண்மையான கோபம். எல்லாம் சரி. இருந்தாலும் மூன்று படங்களும் பெரியவரை முழுசாக விழுந்த பிறகுதான் சந்திக்கின்றன. கோமா, எலும்பு முறிவு, படுக்கை. ஒரு மனிதர் வீட்டுக்குப் 'பாரம்' ஆவது ஒரே நாளில் நடப்பதில்லை. அதற்கு முன்னால் ஐந்தாறு வருஷம் இருக்கிறது. அந்த வருஷங்களில் வேட்டியில் ஈரம் தெரிய ஆரம்பிக்கிறது. கட்டில் திண்ணைக்குப் போகிறது. திண்ணையிலிருந்து மாட்டுக் கொட்டத்துக்குப் போகிறது. 'கல்யாணத்துக்கு நீங்க எதுக்குய்யா அலையுறீங்க, வீட்டுல இருங்க' என்று அன்பாக ஒதுக்குவது தொடங்குகிறது. பெரியவரும் பஸ் ஏறுவதை நிறுத்துகிறார். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கு ஐம்பது கிலோமீட்டர். வழியில் யாருக்காகவும் பஸ் நிற்காது. அந்த பயத்தில் எத்தனை பேர் எத்தனை விசேஷங்களை விட்டிருப்பார்கள்!

எலும்பு முறிவுக்கு வருவோம். 'பார'த்தில் விபத்து. ஆனால் ராத்திரியில் அவசரமாக எழுந்து போகும்போது விழுவது, வயதானவர்கள் இடுப்பை முறித்துக்கொள்வதற்கு உலகெங்கும் தெரிந்த காரணங்களில் ஒன்று. கரிசல் காட்டில் கழிப்பறை முற்றத்தின் கோடியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. கல், சீமைக்கருவேல முள், இருட்டு. மூன்று இயக்குநர்களில் ஒருவராவது கேமராவை மூன்று வருஷம் முன்னால் கொண்டுபோய், அந்த முற்றத்தில் வைத்திருந்தால் கதை எங்கேயிருந்து தொடங்கியது என்று தெரிந்திருக்கும். தலைக்கூத்தலுக்கு மாத்திரை கிடையாது. அந்த முற்றத்துக்கு இருக்கிறது.

'இதையெல்லாம் படமாக எடுக்க முடியுமா சார்?' என்று கேட்கலாம். 2015-ல் ஷூஜித் சர்க்கார் 'பிகு' என்று இந்தியில் எடுத்தார். அப்பாவின் மலச்சிக்கல்தான் கதை. அமிதாப் பச்சனுக்கு தேசிய விருதே கிடைத்தது. மலத்துக்கு முடியும் என்றால் மூத்திரத்துக்கு முடியாதா?

* * *

நம் இலக்கியத்துக்கு இது பழைய கூச்சம். புறநானூற்றின் 243-ஆம் பாட்டில் ஒரு கிழவர் வருகிறார். கோல் ஊன்றி, வார்த்தைகளுக்கு நடுவே இருமிக்கொண்டு, மருத மரத்திலிருந்து மடுவில் குதித்த இளமையை நினைத்துக்கொள்கிறார். முதுமையைப் பற்றி இதைவிட நல்ல பாட்டு எந்த மொழியிலும் அபூர்வம். அதில் இருமலுக்கு இடம் இருக்கிறது. இன்றுவரை தமிழ்க் கதைகளில் கிழவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட வியாதி இருமல்தான்.

பட்டினத்தார் முதலானவர்கள் உடம்பின் கழிவையெல்லாம் பெயர் சொல்லிப் பாடினார்களே என்றால், பாடினார்கள். அருவருப்பு வருவதற்காகப் பாடினார்கள். 'இந்த நாறும் உடம்பையா நம்புகிறாய்?' என்று கேட்பதற்கு. உடம்பைக் கைவிடுவதற்கான பாட்டு அது. சரி பண்ணிக்கொண்டு இன்னும் பத்து வருஷம் வாழ்வதற்கானது இல்லை. மூத்திரம் என்ற சொல்லே நமக்கு ஒன்று வைராக்கியம், இல்லாவிட்டால் வசவு. நடுவில் நோய் என்று ஒரு இடம் இருப்பதே மறந்துபோயிற்று.

கரிசல் எழுத்தாளர்களிடம் இந்தக் கூச்சம் குறைவாக இருந்திருக்க வேண்டும். கி. ராஜநாராயணன் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று பாலியல் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவர். 'கெட்ட வார்த்தை' என்று படித்தவர்கள் மூடிவைத்ததைச் சம்சாரிகள் எவ்வளவு சாதாரணமாகப் பேசினார்கள் என்று காட்டினார். கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியே போட்டார். ஜூனியர் விகடனில் 'கரிசல் காட்டுக் கடுதாசி' எழுதியபோது டவுன்காரர்கள் அந்த மொழிக்கு வரிசையில் நின்றார்கள். அவர் திறந்துவிட்டது பெரிய கதவு. அந்தக் கதவு வழியாகக் காமம் வந்தது, பசி வந்தது, சாப்பாட்டு ருசி வந்தது. வயோதிகத்தின் மூத்திரவலி மட்டும் வாசலிலேயே நிற்கிறது.

வெளிநாட்டில் எழுதிவிட்டார்கள். பிலிப் ராத்தின் 'எக்ஸிட் கோஸ்ட்' 2007-ல் வந்தது. கதாநாயகன் ஸக்கர்மன் எழுபத்தோரு வயது எழுத்தாளன். புராஸ்டேட் கேன்சருக்கு ஆபரேஷன் ஆகி, மூத்திரத்தை அடக்க முடியாமல், உள்ளே துணி வைத்துக்கொண்டு வாழ்கிறான். அதற்கு ஊசி போட்டுக்கொள்ள நியூயார்க் வருவதில்தான் நாவல் தொடங்குகிறது. ராத் அவனைப் பரிதாபப்படுத்தவும் இல்லை, ஞானியாக்கவும் இல்லை. அந்த நிலைமையிலும் அவன் ஒரு இளம் பெண்ணைப் பார்த்து அசடு வழிகிறான், கோபப்படுகிறான், பொய் சொல்கிறான். நோய் இருக்கிற ஆள் முழு ஆளாக இருக்கிறான். நமக்கு வேண்டியது இதுதான்.

* * *

1950-ஆம் வருஷம் தமிழ் மண்ணில் இரண்டு பெரியவர்கள் மறைந்தார்கள். ஒருவர் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-ல் பிறந்த வேங்கடராமன்; உலகத்துக்கு ரமண மகரிஷி. இடது கையில் புற்றுக்கட்டி. திரும்பத் திரும்ப ஆபரேஷன். கையையே எடுத்துவிடலாம் என்றபோது வேண்டாம் என்றார். ஏப்ரல் 14-ல் திருவண்ணாமலையில் மறைந்தார். அந்த நோயின் ஒவ்வொரு கட்டமும் ஊரறிந்தது. கை வெளியே தெரிகிற உறுப்பு. பக்தர்கள் வரிசையில் வந்து பார்த்து அழுதார்கள்.

அதே வருஷம் டிசம்பர் 5-ல், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி சுமாருக்கு, புதுச்சேரியில் ஸ்ரீஅரவிந்தர் மறைந்தார். அவருக்கு என்ன நோய் என்று கேட்டால் பலரும் 'சிறுநீரகக் கோளாறு' என்று நிறுத்திக்கொள்வார்கள். தொடக்கம் புராஸ்டேட். முன்பே ஒருமுறை தலைகாட்டி அடங்கிய தொந்தரவு 1950-ல் திரும்ப வந்தது. ஆபரேஷன் இல்லை என்று முடிவானது. கல்கத்தாவிலிருந்து சர்ஜன் சன்யால் வந்தார். குழாய் போட்டு நீரை வெளியேற்றினார்கள். அடைபட்ட நீர் சிறுநீரகத்தைக் கெடுத்து, ரத்தத்தில் கழிவு ஏறியது.

இது நமக்கு எப்படித் தெரியும்? கூடவே இருந்து கவனித்த சீடர் நிரோத்பரன் எழுதி வைத்ததால். அவர் எடின்பரோவில் படித்த டாக்டர், கவிஞரும்கூட. 1972-ல் வந்த 'ஸ்ரீஅரவிந்தருடன் பன்னிரண்டு ஆண்டுகள்' என்ற அவருடைய ஆங்கிலப் புத்தகத்தில் பக்தி வழிகிறது. குருவின் யோக சக்தி முதல் தடவை நோயை அடக்கியது என்று நம்புகிறவர். இருந்தாலும் எந்தச் சுரப்பி, எதில் அடைப்பு என்று எழுதும்போது டாக்டரின் பேனா நடுங்கவில்லை. தெய்வமாக வணங்கியவரின் மூத்திரத்தைப் பற்றி எழுதுவது மரியாதைக் குறைவு என்று அவருக்குத் தோன்றவில்லை. வாழ்க்கை வரலாறு எழுதுகிற நம்மவர்கள் இந்தப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ள இது ஒன்று போதும். நாம் எழுதுகிற தலைவர்கள், புலவர்கள் எல்லோரும் 'சில காலம் உடல் நலம் குன்றியிருந்து' காலமாகிறார்கள்.

1950-ல் அவருக்குக் கொடுக்க மாத்திரை இல்லை. குழாய் அல்லது கத்தி, இரண்டுதான். இன்று திருச்சுழியில் அதே தொந்தரவுள்ள ஒரு விவசாயிக்கு, ஸ்ரீஅரவிந்தருக்குக் கிடைக்காத வைத்தியம் கிடைக்கும். வாய் திறந்து சொன்னால்.

* * *

மாத்திரைகள் முக்கியமாக இரண்டு வகை. இரண்டும் செய்கிற வேலை வேறு.

முதல் வகை டாம்சுலோசின் முதலானவை. மூத்திரப்பையின் கழுத்திலும் சுரப்பியிலும் இருக்கிற தசையைத் தளர்த்துகின்றன. ஹோஸ் மேல் நிற்கிறவர் கொஞ்சம் காலைத் தூக்குகிறார். சில நாளில், அதிகம் போனால் ஓரிரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். சுரப்பி சின்னதாவதில்லை. சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். அதனால் படுக்கையில் உட்கார்ந்து, ஒரு நிமிஷம் கழித்து எழவேண்டும். ராத்திரி விழாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரையே விழவைத்துவிடக் கூடாது. உறவின்போது விந்து வெளியே வராமல் போகலாம்; ஆபத்தில்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பெரியவர் மிரண்டு மாத்திரையை நிறுத்திவிடுவார். யாரிடமும் காரணம் சொல்லமாட்டார்.

இரண்டாவது வகை ஃபினாஸ்டரைடு. இதன் பிறப்பே ஒரு நாவல். டொமினிகன் குடியரசில் சலினாஸ் என்ற கிராமம். அங்கே சில குழந்தைகள் பெண்ணாகப் பிறந்ததாக நினைத்து வளர்க்கப்பட்டு, பருவம் வந்ததும் ஆணாக மாறின. அமெரிக்க டாக்டர் ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி குழு ஆராய்ந்து, 1974-ல் காரணத்தை வெளியிட்டது. டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றும் ஒரு என்ஸைம் அவர்களுக்கு இல்லை. வளர்ந்த பிறகும் அவர்களுக்கு புராஸ்டேட் சின்னதாகவே இருந்தது. அப்படியானால் அந்த என்ஸைமை மாத்திரையால் அடக்கினால்? மெர்க் கம்பெனி தயாரித்தது. 1992-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதே என்ஸைம் குறைபாட்டைக் கதாநாயகனுக்குக் கொடுத்து ஜெஃப்ரி யூஜெனிடிஸ் எழுதிய 'மிடில்செக்ஸ்' 2003-ல் புலிட்சர் பரிசு வாங்கியது. ஒரே என்ஸைம், ஒரு மாத்திரை, ஒரு நல்ல நாவல்.

ஃபினாஸ்டரைடு சுரப்பியை நாளாவட்டத்தில் கால் பங்கு போலச் சுருக்கும். ஆறு மாசம் பொறுக்கவேண்டும். 'பத்து நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்துகிறவர்களுக்கு இது பயன்படாது. சிலருக்கு ஆசையும் விறைப்பும் குறையலாம். பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையின் எண்ணை இது ஏறக்குறைய பாதியாகக் காட்டும். சாப்பிடுகிற விஷயத்தைச் சொல்லாவிட்டால் டாக்டர் ஏமாந்துபோவார். இன்னொன்று: உடைந்த, பொடித்த ஃபினாஸ்டரைடு மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் பாதிக்கும். மாமனாருக்கு மாத்திரை பிரித்துக் கொடுப்பது மருமகள் என்றிருக்கும் வீடுகளில் இதை யார் சொல்வது?

சுரப்பி பெரிதாக இருப்பவர்களுக்கு இரண்டு வகையையும் சேர்த்துக் கொடுப்பார்கள். 2003-ல் அமெரிக்காவில் 3,047 பேரைச் சராசரியாக நாலரை வருஷம் கவனித்த ஆய்வில், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றுவது வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 66 சதவிகிதம் குறைந்தது. நம் ஊரில் நெருஞ்சிக் கஷாயம் போட்டுக் குடிப்பார்கள். குடிக்கட்டும், ஆனால் அதை நம்பி டாக்டரைத் தள்ளிப்போட வேண்டாம். மேல்நாட்டிலும் 'ஸா பால்மெட்டோ' என்று ஒரு பனை வகைப் பழச்சாறு பிரபலம். 2006-ல் சோதித்துப் பார்த்தார்கள். வெறும் மாத்திரையைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை.

* * *

பத்திரிகை மருத்துவப் பக்கங்கள் இதையெல்லாம் எழுதத்தான் செய்கின்றன. கூடவே ஒரு படம் போடுவார்கள். பைஜாமா போட்ட, நரைத்த தலை வெள்ளைக்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்திருப்பார். கடைசி வரி எப்போதும் 'தயங்காமல் டாக்டரை அணுகவும்'. அணுகி என்ன சொல்வது? அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி ஓ.பி.யில் பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். பக்கத்தில் மருமகளோ பேத்தியோ இருக்கிறாள். டாக்டர் சின்னப் பெண். 'என்னய்யா பண்ணுது?' என்கிறார். 'ஒடம்பு அசதியா இருக்கும்மா' என்கிறார் பெரியவர். சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். மருத்துவப் பக்கத்துக்குச் சுரப்பியைத் தெரியும், ஆளைத் தெரியாது. கதை எழுதுகிறவர்களுக்கு ஆளைத் தெரியும், சுரப்பியைத் தெரியாது. நடுவில் பெரியவர் நிற்கிறார், கால் மாற்றி.

இந்த விஷயத்தில் நான் படித்ததில் சிறந்த இலக்கியம் ஒரு கேள்வித்தாள். அமெரிக்க சிறுநீரகவியல் சங்கம் 1992-ல் வெளியிட்டது. உலகம் முழுக்க டாக்டர்கள் உபயோகிக்கிறார்கள். ஏழு கேள்விகள். போய்விட்டு வந்தபிறகும் மிச்சம் இருக்கிற மாதிரி தோன்றுகிறதா, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி வருகிறதா, விட்டுவிட்டு வருகிறதா, அடக்க முடிகிறதா, வேகம் குறைந்துவிட்டதா, முக்கவேண்டியிருக்கிறதா, ராத்திரி எத்தனை தடவை எழுகிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து மார்க். மொத்தம் 35. ஏழு வரை லேசு. எட்டிலிருந்து பத்தொன்பது நடுத்தரம். இருபதுக்கு மேல் கடுமை. நம் பிள்ளைகள் வாங்கும் மார்க்குக்கு நேர் எதிர்.

இதில் குறை இல்லாமல் இல்லை. விடைகள் 'பாதி நேரத்துக்கும் குறைவாக', 'பாதி நேரத்துக்கும் மேல்' என்று போகும். பந்தல்குடி சம்சாரியிடம் இப்படிக் கேட்டால், 'பாதி நேரம்னா எதுல பாதி?' என்பார். அவருக்கு அளவுகள் வேறு. முதல் பஸ் போறதுக்குள்ள நாலு தடவை. ஒரு பீடி முடியிற வரைக்கும் நின்னேன். சின்ன வயசில் கம்மாய்க் கரையில் பந்தயம் வைத்து அடித்த தூரம் எங்கே, இப்போ பெருவிரலில் விழுகிறது எங்கே. தமிழில் இந்தக் கேள்வித்தாளை யாராவது இப்படி எழுதிப் பார்க்கவேண்டும். மொழிபெயர்க்கக் கூடாது, எழுதவேண்டும். கி.ரா. மாதிரி காதுள்ள ஒருவருக்கு அரை நாள் வேலை.

எட்டாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு மொத்த மார்க்கில் இடமில்லை, தனியாகக் கேட்பார்கள். மிச்ச ஆயுளையும் இப்போது இருக்கிற இதே நிலைமையில் கழிக்கவேண்டும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? இந்த ஒரு கேள்வியைப் பெரியவர்களிடம் யாரும் கேட்பதில்லை. டாக்டர் கேட்பதில்லை, மகன் கேட்பதில்லை, கதாசிரியன் கேட்பதில்லை. 'வயசானா அப்படித்தான்' என்று பதிலை நாமே எழுதிவிடுகிறோம். தலைக்கூத்தல் வரைக்கும் போகிற சாலையில் முதல் மைல் கல், என் பார்வையில், இந்த வாக்கியம்தான்.

* * *

சொல்லாமல் இருப்பதன் விலைக்கு ஒரு உதாரணம், இந்தப் பக்கத்திலிருந்தே. எட்டயபுரத்துக்கு அருகே அயன் வடமலாபுரத்தில் பிறந்த கரிசல்காரர் டாக்டர் கோ. வெங்கடசாமி. ஸ்ரீஅரவிந்தரின் பக்தர். 1976-ல் மதுரையில் பதினோரு படுக்கையுடன் கண் ஆஸ்பத்திரி தொடங்கியபோது குருவின் பெயரையே வைத்தார். அரவிந்த் கண் மருத்துவமனை. தென்மாவட்டப் பெரியவர்கள் கண்புரை என்றால் முதலில் நினைப்பது இதைத்தான். 2005-ல் கலிபோர்னியாவில் டேவிட் சாங், ஜான் கேம்ப்பெல் என்ற இரு கண் டாக்டர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்யும்போது கருவிழித்திரை தொளதொளவென்று ஆகி, பாப்பா சுருங்கி, தகராறு பண்ணுகிறது. முன்கூட்டித் தெரிந்தால் டாக்டர் அதற்கேற்ற ஏற்பாட்டோடு செய்வார். தெரியாவிட்டால் சிக்கல்.

கண் காட்டப் போகிற பெரியவர் சர்க்கரை மாத்திரையைச் சொல்வார், பிரஷர் மாத்திரையைச் சொல்வார். இதைச் சொல்லமாட்டார். கண்ணுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்பது ஒன்று, வெட்கம் இன்னொன்று. அடியில் ஆரம்பித்த ரகசியம் கண்ணுக்கு வந்து நிற்கிறது.

அதேபோல ஜலதோஷத்துக்குக் கடையில் வாங்கிப் போடுகிற சில மாத்திரைகள், ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு மூத்திரத்தை முழுசாக நிறுத்திவிடும். அப்படி நின்றால், அல்லது ரத்தம் கலந்து வந்தால், காய்ச்சலும் சேர்ந்தால், அன்றே பெரியாஸ்பத்திரி. விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இன்னொரு தப்பு, ராத்திரி எழவேண்டுமே என்று பகலெல்லாம் தண்ணீரைக் குறைப்பது. அந்த வெயிலில் அது கல்லுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. குறைப்பதானால் சாயங்காலத்துக்கு மேல் குறைக்கலாம், காபியையும் சேர்த்து.

2024 ஜனவரி 17-ல் லண்டன் அரண்மனையிலிருந்து சின்ன அறிக்கை வந்தது. மன்னர் சார்லஸுக்கு புராஸ்டேட் பெருத்திருக்கிறது, புற்று அல்ல, அடுத்த வாரம் சிகிச்சை. அவ்வளவுதான். அதைச் சொன்னதற்குக் காரணமே மற்ற ஆண்களும் போய்க் காட்டிக்கொள்ளட்டும் என்பதுதான் என்றார்கள். அன்று அந்நாட்டு அரசு மருத்துவ சேவையின் புராஸ்டேட் பக்கத்தைப் படித்தவர்கள் முந்தின நாளைப்போல பத்து மடங்குக்கும் மேல். ராஜாவே சொல்லிவிட்டார் என்ற தைரியம்.

நமக்கு ராஜா கிடையாது. அவர் இடத்தில் கதாநாயகர்கள் இருக்கிறார்கள். எழுபதைத் தாண்டியும் டூயட் பாடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ரசிக்கிறோம். ஒரே ஒரு படத்தில், ஒரே ஒரு காட்சியில், பொட்டல் காட்டுச் சாலையில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, 'தம்பி, வயசாச்சுல்ல, மாத்திர சாப்புடுறேன், ரெண்டு நிமிசம்' என்று கூச்சப்படாமல் இறங்கிப் போகட்டும். கண்டக்டரும் விசில் ஊதி நிறுத்தட்டும்.

தியேட்டர் முதலில் சிரிக்கும். பின் வரிசைப் பெரியவர்கள் சிலர் சிரிக்கமாட்டார்கள். மறுநாள் ஓ.பி.யில் 'அசதியா இருக்கும்மா' என்பதற்குப் பதில் வேறொன்று சொல்வார்கள்.